பவளத் தொட்டிக்கு எந்தத் துறவி நண்டு? செங்காங் வாசகிக்கு ஒரு பதில்

வாசகர் கேள்வி:

சிங்கப்பூரின் செங்காங்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடொன்றில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் மூன்றடி நீளமும் ஏறத்தாழ 180 லிட்டர் கொள்ளளவும் உள்ள பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, எட்டு மாதங்களாக இருக்கிறது. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கோபி மீன், சில காளான் பவளங்கள், ஒரு சுத்தியல் பவளம், ஏழெட்டு நத்தைகள் அதில் உள்ளன. பாறைகளில் பச்சை மயிர்ப்பாசியும் மணலில் சிவந்த வழுவழுப்பான படலமும் படர்ந்துவிட்டன. நான்கு லிட்டர் நீருக்கு ஒன்று என்ற கணக்கில் நத்தைகளின் காலி ஓட்டுக்குள் வாழும் நீலக்கால் துறவி நண்டுகள் நாற்பத்தைந்தை விட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது வயது மகனுக்கோ வெண்புள்ளிகளுடைய பெரிய சிவப்புத் துறவி நண்டின்மீது ஆசை. சாங்கிக் கடற்கரையிலேயே பிடித்து வந்துவிடலாமே என்பது கணவரின் யோசனை. எந்த நண்டை, எத்தனை வாங்குவது, அவை நத்தைகளைக் கொன்றுவிடுமா என்று வாசகி கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

விடையை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். உங்கள் தொட்டிக்குச் செங்கால் துறவி நண்டுகள் ஐந்து போதும். அவற்றோடு வெவ்வேறு அளவுகளில் பதினைந்து காலி ஓடுகளையும் சேர்த்து வாங்குங்கள். நாற்பத்தைந்து நீலக்கால் நண்டுகள் வேண்டவே வேண்டாம். வெண்புள்ளி நண்டு உங்கள் தொட்டிக்குப் பொருந்தாது. சாங்கியிலிருந்து நண்டையோ ஓட்டையோ எடுத்து வராதீர்கள். கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், துறவி நண்டைப் பற்றிக் கேட்கும் எல்லோரிடமும் நான் வலியுறுத்துவது இதுதான்: இன்றைக்கு அது எவ்வளவு பாசியைத் தின்னும் என்று பார்த்து வாங்காதீர்கள்; பாசி தீர்ந்தபின் எதைத் தின்னும், வளர்ந்தபின் எந்த ஓட்டுக்குள் புகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்தபின் வாங்குங்கள்.

உங்களை இந்தக் கடிதம் எழுத வைத்ததே பாசி என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். மணலில் படர்ந்திருக்கும் சிவந்த படலம் பெரும்பாலும் சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்க் கூட்டமாகத்தான் இருக்கும். துறவி நண்டுகள் அதன்மேல் நடந்து கலைத்துவிடுமே தவிர, நம்பத்தக்க அளவில் அதைத் தின்பதில்லை. பாறையில் இருக்கும் மயிர்ப்பாசியில் இளந்தளிர் போன்ற குட்டையான பகுதிகளை அவை மேயும்; விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்ட கற்றைகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. மீன்களுக்குப் போட்ட உணவில் மிஞ்சியது, பாறை இடுக்கில் தங்கிய கழிவு, பாறைமேல் மெல்லியதாகப் படியும் பாசிப் பூச்சு, இறந்த உயிரினத்தின் உடல் ஆகியவையே அவற்றின் உண்மையான உணவு. ஆகவே நீண்ட பாசிக் கற்றைகளை முதலில் நீங்கள்தான் கையால் பிடுங்கி எடுக்க வேண்டும். சிவந்த படலத்தை, நீர் மாற்றும்போது குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்.

அதன்பிறகு அந்தப் பாசிக்கு உரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆவியாகிக் குறையும் நீரை, நச்சு நீக்கும் திரவம் கலந்த குழாய்நீரால் நிரப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்காகக் குளோரமைன் சேர்க்கப்படுகிறது. இரவு முழுவதும் வாளியில் வைத்திருந்தால் குளோரின் வெளியேறிவிடும்; குளோரமைன் அப்படி வெளியேறாது. நச்சு நீக்கும் திரவம் அதன் தீங்கைக் கட்டுப்படுத்தும் என்றாலும், நீரில் கரைந்திருக்கும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் போன்றவற்றை அகற்றாது. நீர் ஆவியாக ஆவியாக அவை தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். நீரில் கரைந்திருப்பவற்றையும் நீக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் வடிகட்டியையும் அதனோடு, எஞ்சியதைப் பிடித்துக்கொள்ளும் அயனிநீக்கப் பிசினையும் பொருத்தி அந்த நீரையே பயன்படுத்துவது நல்லது. வாங்க வசதி இல்லையென்றால் அத்தகைய நீரைக் கலனில் விற்கும் மீன்கடைகளும் இருக்கின்றன. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளந்து, மீன்களுக்கு இடும் உணவைக் குறைத்து, நீரோட்டம் எட்டாத மூலைகளைச் சரிசெய்தால், ஒன்றிரண்டு மாதங்களில் நீங்களே மாற்றத்தைக் காண்பீர்கள். நண்டு அந்த வேலைக்குத் துணைதான். உரம் வரும் வழியை அடைக்காமல் நாற்பத்தைந்து நண்டுகளை இறக்கினால், அவற்றுள் பல பட்டினியால் இறந்து அவையே பாசிக்கு உரமாகிவிடும்.

துறவி நண்டின் உடலமைப்பைக் கொஞ்சம் சொன்னால்தான் பிற்பாடு நான் ஓடுகளைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதன் பொருள் விளங்கும். நாம் ஈரச்சந்தையில் வாங்கும் நண்டுக்கு உடல் முழுவதும் கெட்டியான தோடு உண்டு. துறவி நண்டுக்கோ முன்பாதி மட்டுமே கெட்டி. வயிற்றுப்பகுதி மென்மையாக, சுருண்டு, பாதுகாப்பு ஏதுமின்றி இருக்கும். ஓட்டுக்கு வெளியே இரண்டு கொடுக்குகளும் இரண்டு இணை நடைகால்களும் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகின்றன. பின்னாலுள்ள இரண்டு இணைக் கால்கள் சிறுத்து, ஓட்டை உள்ளிருந்து பற்றிக்கொள்ளவே பயன்படுகின்றன. ஓட்டை அதனால் தானே உருவாக்க இயலாது. இறந்த நத்தை விட்டுச்சென்றதையோ இன்னொரு நண்டு கழித்துவிட்டதையோதான் நம்பி வாழ்கிறது. வடஅயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட் என்ற ஆய்வாளர் துறவி நண்டுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஓட்டுக்குள் இலேசான மின்னதிர்ச்சி கொடுத்தபோது, விருப்பமில்லாத வகை ஓட்டில் இருந்த நண்டுகள் எளிதாக வெளியேறின. விரும்பிய வகை ஓட்டில் இருந்தவையோ அந்த வேதனையைத் தாங்கிக்கொண்டு உள்ளேயே இருக்க முனைந்தன என்று அவரும் உடன் ஆய்வாளரும் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நல்ல ஓடு அந்த உயிருக்கு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இனி எந்த இனம் என்ற கேள்விக்கு வருகிறேன். கடைத் தொட்டிகளில் எழுதி ஒட்டியிருக்கும் பெயர்களை மட்டும் நம்பாதீர்கள். 'புளூ லெக்' என்ற ஒரே பெயரில் இயல்பில் மிகவும் மாறுபட்ட இரண்டு இனங்கள் விற்கப்படுகின்றன. 'ரெட் லெக்' என்ற பெயரும் அப்படித்தான். பெயருக்குப் பதிலாகக் கொடுக்கைப் பாருங்கள். இரண்டு கொடுக்குகளும் ஏறத்தாழ ஒரே அளவில் சிறியவையாக இருந்தால், அது பெரும்பாலும் பாறையைச் சுரண்டிப் பொறுக்கித் தின்னும் வகை. இடது கொடுக்கு மட்டும் பருத்து இருந்தால் சற்றுக் கவனம் தேவை. பருத்த இடக்கொடுக்கோடு கால்களில் அடர்ந்த மயிரும், உடலே பெரிதாக வளரும் அறிகுறியும் தெரிந்தால், அதைப் பவளத் தொட்டிக்கு வாங்காதீர்கள். விதிவிலக்குகள் இருந்தாலும், கடையில் குனிந்து நின்று பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் இதைவிட உதவியான அடையாளம் வேறில்லை.

நான் உங்களுக்குப் பரிந்துரைக்கும் செங்கால் நண்டு, பாகுரிஸ்டெஸ் கடெனாட்டி என்ற அறிவியற்பெயர் கொண்டது. கரீபியன் கடற்பகுதிப் பவளப்பாறைகளைச் சேர்ந்த இதன் கால்களும் கொடுக்குகளும் முழுக்கச் செஞ்சிவப்பாகவும் கண்காம்புகள் மஞ்சளாகவும் இருக்கும். வளர்ந்தாலும் மூன்று சென்டிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும், கொடுக்குகள் சமமானவை. மெதுவாக நடக்கும், தன் இனத்தோடும் நத்தைகளோடும் சண்டையிடுவது மற்ற இனங்களைவிடக் குறைவு. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து வரும் கிளிபனாரியஸ் டிகெட்டி என்ற இனமும் சிவப்புக் கால் நண்டு என்றே விற்கப்படுகிறது. அதுவும் கெட்டதில்லை, பாசியை நன்றாகவே மேயும். ஆனால் அதன் சிவப்பு சற்று மங்கலாக இருக்கும், சுறுசுறுப்பும் துடுக்கும் அதிகம். இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்து வாங்குங்கள். விலை ஒன்றிரண்டு வெள்ளி கூடுதலானாலும் முதலில் சொன்னதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

கடைக்காரர் சொன்ன நீலக்கால் நண்டு உண்மையில் கிளிபனாரியஸ் டிரைகலர் என்ற இனமாக இருந்தால், அது மிகச் சிறியது, அழகானது, மூட்டுகளில் செம்மஞ்சள் பட்டையுடைய நீலக் கால்கள் கொண்டது. ஃபுளோரிடா, கரீபியன் கரைகளின் ஆழமற்ற பகுதிகளில் கூட்டங்கூட்டமாக வாழ்வது. சிறிய இடுக்குகளுக்குள் புகுந்து பொறுக்குவதில் அதற்கு நிகரில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை கூடிவிட்டாலும் ஓடு போதாமல் போனாலும் தங்களுக்குள்ளும் சிறு நத்தைகளோடும் ஓயாமல் போராடும். மீன்தொட்டி வணிகத்துக்காக ஃபுளோரிடாவில் மிகப் பெரும் எண்ணிக்கையில் பிடிக்கப்படும் உயிரினங்களுள் இதுவும் ஒன்று என்பதையும் எண்ணிப் பாருங்கள். கடல்வாழ் துறவி நண்டின் குஞ்சுகள் முதலில் மிதவை உயிரிகளாக நீரில் அலைந்து, பல நிலைகளைக் கடந்தபின்பே ஓட்டைத் தேடி அடித்தளத்துக்கு இறங்குகின்றன. அந்தக் கட்டங்களைத் தாண்டித் தொட்டியில் வளர்ப்பது கடினம் என்பதால், கடையில் நீங்கள் பார்க்கும் நண்டு அநேகமாகக் கடலிலிருந்து பிடித்ததாகவே இருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக நாற்பதை வாங்கிப் பத்து மிஞ்சினால் போதும் என்று கணக்கிடும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அதே நீலக்கால் பெயரில் வரும் இன்னொன்று கால்சினஸ் எலிகன்ஸ். கறுத்த கால்களில் மின்னும் நீலப் பட்டைகள் இருக்கும். பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கும். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் வாழ்வது, முன்னதைவிடப் பெரிதாக வளர்வது, இடது கொடுக்கு பருத்தது. நத்தைகள்மீது உங்களுக்கு அக்கறை இருப்பதால் இதை வாங்க வேண்டாம். அதே பேரினத்தைச் சேர்ந்த கால்சினஸ் லேவிமானஸ் என்பது வேறு இயல்புடையது. அதன் இடக்கொடுக்கு வெண்மையாகப் பருத்து, ஓட்டுக்குள் பின்வாங்கும்போது கதவைப் போல வாயை அடைத்துக்கொள்ளும். கண்காம்புகளில் நீலமும் செம்மஞ்சளும் கலந்திருக்கும். உருவில் சிறியது, பெரும்பாலும் பாசி மேய்வது, நம் வட்டாரக் கடல்களிலேயே கிடைப்பது. செங்கால் நண்டு கிடைக்காத வேளையில் என் இரண்டாவது தேர்வு இதுதான். பருத்த கொடுக்கைப் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கைக்கு இது விதிவிலக்கு.

மகனின் ஆசையைப் பற்றி. அவன் பார்த்தது டார்டனஸ் மெகிஸ்டோஸ் என்ற நண்டாகத்தான் இருக்க வேண்டும். கடையில் அது எலுமிச்சை அளவில் இருந்திருக்கலாம். முழுவளர்ச்சியில் பெரியவர் ஒருவரின் கையளவுக்கு மேல் வளரும். அது ஊனுண்ணி. நத்தை, சிறிய நண்டு, புழு, உறங்கும் மீன் என்று எட்டியதையெல்லாம் பிடித்துத் தின்னும்; சரியாக ஒட்டப்படாத பவளங்களைப் போகிற போக்கில் புரட்டித் தள்ளும். முதுகில் கடற்சாமந்திகளைச் சுமந்து திரியும் டார்டனஸ் பெடங்குலாட்டஸ் என்ற இன்னோர் இனத்தையும் கடையில் காட்டக்கூடும். அதுவும் இதே பேரினம், இதே பசி. அந்த நண்டை வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கென்றே தனித் தொட்டி வேண்டும். மகனிடம் 'முடியாது' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், ஓடு மாற்றும் காட்சியைக் கவனிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படையுங்கள். புதிய ஓட்டைக் கொடுக்கால் உருட்டி, வாய்க்குள் கொடுக்கை விட்டு ஆழம் பார்த்து, பிறகு கண்ணிமைக்கும் நேரத்தில் வயிற்றைப் பழைய ஓட்டிலிருந்து உருவிப் புதியதில் செலுத்திக்கொள்ளும் அந்தச் செயலைச் செங்கால் நண்டும் செய்கிறது. பெரும்பாலும் விளக்கு அணைந்த பிறகுதான் இது நடக்கும் என்பதால் மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று உதவும்.

செல்லப்பிராணிக் கடைகளில் வண்ணம் பூசிய ஓடுகளோடு சிறு பெட்டிகளில் விற்கப்படும் துறவி நண்டுகள் நிலத்தில் வாழ்பவை. அவற்றைத் தொட்டிநீருக்குள் விட்டால் மூழ்கி இறந்துவிடும். சிறுவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதை அடிக்கடி காண்கிறேன் என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

நத்தைகளைக் கொல்லுமா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். கொல்லக்கூடும். எந்தத் துறவி நண்டையும் முழுக்கப் பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நத்தையைக் கொல்ல அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: ஒன்று ஓடு, மற்றொன்று பசி. இரண்டையும் நீங்கள் தீர்த்துவைத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். ஆனால் இறந்த நத்தையைச் சுற்றி நண்டுகள் கூடியிருப்பதைப் பார்த்தவுடன் அவைதான் கொன்றன என்று முடிவு செய்துவிடாதீர்கள். நோயாலோ பட்டினியாலோ இறந்த நத்தையைத் துப்புரவு செய்ய வந்தவையாகவும் இருக்கலாம். உங்களிடம் இருப்பவற்றில் ஆஸ்ட்ரேயா வகை நத்தைகள் மல்லாந்து விழுந்துவிட்டால் தாமாகத் திரும்ப முடியாமல் தவிக்கும். நண்டுக்கு எளிதில் இரையாகிறவை அவையே. நாள்தோறும் காலையில் ஒருமுறை பார்த்து, விழுந்து கிடப்பதைத் திருப்பி வையுங்கள். அடுத்த முறை நத்தை வாங்கும்போது, தானே புரண்டெழக்கூடிய டிரோக்கஸ் வகையைக் கேளுங்கள்.

ஓடுகளைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் பிழை நேர்வது இங்கேதான். நண்டொன்றுக்கு மூன்று காலி ஓடுகள் என்பது என் கணக்கு. அவை இப்போது அது அணிந்திருக்கும் அளவிலும், அதைவிடச் சற்றுப் பெரிதாகவும், இன்னும் கொஞ்சம் பெரிதாகவும் இருக்க வேண்டும். ஓட்டின் மொத்த நீளத்தைவிட வாயின் அகலமும் வடிவமும் முக்கியம். செங்கால் நண்டும் கால்சினஸ் இனங்களும் வட்டமான வாயுள்ள டர்போ, நெரைட் போன்ற நத்தைகளின் ஓடுகளை விரும்பும். கோடு போட்ட கால்களுடைய சிலியோபகூரஸ் ஸ்ட்ரிகாட்டஸ் என்ற நண்டு மட்டும் தட்டையான உடல் கொண்டது. கூம்புச் சங்குகளின் குறுகிய நீள்வாய்க்குள்தான் அது பொருந்தும். அதை வாங்குகிறவர்கள் அந்தச் சங்குகளையும் தேடிக்கொள்ள வேண்டும். கடலுணவுக் கடைகளில் கோங்கோங் என்னும் கடல்நத்தையைச் சாப்பிட்டுவிட்டு ஓடுகளை எடுத்து வரலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அவற்றின் வாய் நீண்டு ஒடுங்கியது, உருவும் பெரியது. உங்கள் சிறிய நண்டுகளுக்கு உதவாது. வண்ணமோ மெருகுப்பூச்சோ ஏறிய அலங்கார ஓடுகளைத் தவிர்த்து, இயற்கையான ஓடுகளை வாங்கி, கொதிநீரில் சில நிமிடங்கள் போட்டு எடுத்து, உள்ளே அழுகிய சதை எதுவும் இல்லை என்று முகர்ந்து பார்த்துவிட்டுத் தொட்டியில் இடுங்கள்.

எல்லா அளவிலும் ஓடு தேடி அலைய நேரமில்லையென்றால் பெரிய அளவுக்கே முதலிடம் கொடுங்கள். மூவறை வீட்டுக் குடும்பம் நாலறை வீட்டுக்கு மாறியதும் அந்த மூவறை வீட்டுக்கு ஈரறை வீட்டுக் குடும்பம் வருவது போல, மிகப் பெரிய நண்டு புதிய ஓட்டுக்கு மாறினால் அது விட்ட ஓட்டுக்கு அடுத்தது மாறும், அது விட்டதற்கு அதற்கும் அடுத்தது மாறும். ஒரு காலி ஓடு இப்படி வரிசையாகப் பல நண்டுகளுக்குப் பயன்படுவதைக் கடற்கரைகளில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தொட்டியிலும் அது நடக்கிறது. மாறாகச் சிறிய ஓடுகளையே குவித்துவைத்தால், வளர்ந்த நண்டு நெருக்கும் ஓட்டோடு தவித்து, கடைசியில் நத்தையைத் தேடிப் போகும். கழித்துப் போட்ட ஓடுகளைச் சுத்தம் செய்வதாக எண்ணி வெளியே எறிந்துவிடாதீர்கள்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, லிட்டர் கணக்கில் நண்டை நிர்ணயிக்கும் சூத்திரங்களை நான் ஏற்பதில்லை. ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில், பாறையின் பரப்பும் மீன்களின் உணவும் வேறுபட்டால் கிடைக்கும் இரையும் வேறுபடும். ஐந்தோடு தொடங்கி இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள். பாறையில் மெல்லிய பூச்சு தொடர்ந்து படிந்துகொண்டிருந்தால் மேலும் இரண்டைச் சேர்க்கலாம். பாறை வெண்மையாகத் துலங்கி, நண்டுகள் பகல் வெளிச்சத்திலேயே உணவு தேடி ஓடத் தொடங்கினால், இரை போதவில்லை என்று பொருள். அப்போது வாரத்துக்கு இருமுறை மூழ்கும் வகைக் குருணை உணவையோ, உப்பும் எண்ணெயும் சேர்க்காத நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தாளின் துண்டையோ, ஈரச்சந்தை இறாலில் பட்டாணி அளவு துணுக்கையோ நண்டுகளின் அருகே இடுங்கள். பேரங்காடியில் நொறுக்குத்தீனியாக விற்கும் சுவையூட்டிய நோரி ஆகாது. ஒரு மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். பாசிக்காகத்தானே வாங்கினோம், அதற்குப் போய் உணவிடுவதா என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. பாசி தீர்ந்துவிட்டதென்றால் அது தன் வேலையைச் செய்துவிட்டது. அதன்பின் அதன் வயிற்றுக்கு நாம்தான் பொறுப்பு.

பவளங்களுக்கு இந்தச் சிறு நண்டுகளால் பெரிய தீங்கு இல்லை. காளான் பவளத்தின்மேல் ஏறி நடந்தால் அது சற்று நேரம் சுருங்கிப் பிறகு விரியும். சுத்தியல் பவளத்துக்கு நீங்கள் உணவூட்டினால், அதன் வாயருகே வந்து பறிக்கப் பார்க்கும். உணவூட்டும் நேரத்தில் நண்டுகளுக்கு வேறோரிடத்தில் ஒரு துணுக்கைப் போட்டுவிட்டால் போதும். பிற்காலத்தில் பேத்தை மீனையோ கிளாத்தி மீனையோ வாங்கும் எண்ணம் வந்தால் நண்டுகளை மறந்துவிட வேண்டியதுதான். அவற்றுக்கு இவை விருப்பமான இரை.

உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். நீர் வற்றும் வேளையில் சாங்கிக் கரையில் செம்மஞ்சள் கோடுகளுடைய கிளிபனாரியஸ் இன்ஃப்ராஸ்பினாட்டஸ் என்ற துறவி நண்டுகளை ஏராளமாகக் காணலாம். அவை கலங்கலும் சேறும் வெப்பமும் ஏற்ற இறக்கமான உப்புத்தன்மையும் உள்ள கரையோர நீருக்குப் பழகியவை. தெளிந்த பவளத் தொட்டியில் அவற்றுக்கு ஏற்ற மணற்பரப்பும் இரையும் கிடைக்காது. கூடவே எந்த ஒட்டுண்ணியை, எந்தப் புழுவை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்பதும் தெரியாது. பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் கடல்சார் பூங்காவிலும் அனுமதியின்றி உயிரினங்களை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். காலி ஓடுகளைக்கூட எடுக்க வேண்டாம் என்கிறேன். நெகிழிப் புட்டி மூடிகளையும் உடைந்த ஓடுகளையும் சுமந்து திரியும் துறவி நண்டுகள் உலகின் பல கரைகளிலும் காணப்படுகின்றன. அங்கே கிடக்கும் ஒவ்வொரு நல்ல ஓட்டுக்கும் ஏதோ ஒரு நண்டு காத்திருக்கிறது. குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்; மகனுக்கு அது நல்ல மாலையாக இருக்கும்.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது முதலில் ஒன்று கேளுங்கள்: நண்டுகள் இருக்கும் நீர், மீன்களுக்குச் செம்பு மருந்து கலக்கும் தொட்டிகளோடு இணைந்திருக்கிறதா? மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு நல்ல மருந்து. ஆனால் நண்டு, இறால், நத்தை ஆகிய மூன்றுக்கும் அது நஞ்சு. விற்பவர் தயங்கினால் வேறு கடைக்குப் போய்விடுங்கள். நண்டை ஓட்டோடு தூக்கினால் அது விரைந்து உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கால்கள் தளர்ந்து தொங்கினால் வேண்டாம். உள்ளே இழுத்தபின்னும் பாதி உடல் வெளியே தெரிந்தால் ஓடு சிறுத்துவிட்டது என்று பொருள். அத்தகையதை வாங்கினால் அன்றே பெரிய ஓடு கிடைக்கச் செய்ய வேண்டும். நீருக்குள் உணர்கொம்புகள் ஓயாமல் துடிக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கால் இல்லாத நண்டுக்கு, அடுத்தடுத்துத் தோடு உரிக்கும்போது அந்தக் கால் மீண்டும் முளைக்கும் என்றாலும், தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளபோது முழுமையானதையே எடுங்கள். எந்த நிலையிலும் நண்டை ஓட்டிலிருந்து இழுக்க முயலாதீர்கள். அது பிடியை விடுவதற்கு முன் உடல் கிழிந்துவிடும்.

பல கடைகள் மீன் தொட்டிகளில் உப்புத்தன்மையைக் குறைத்து வைத்திருப்பது வழக்கம். உங்கள் தொட்டியிலோ ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கிறது. மீனைவிட நண்டுக்கு இந்த வேறுபாடு அதிகம் உறைக்கும். வாளியில் நண்டுகளைக் கடைநீரோடு விட்டு, தொட்டிநீரை மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக இறக்கி, உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு நீரும் ஒன்றாகும்வரை பொறுத்திருங்கள்; ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். நம் ஊர் வெயிலில் பை சூடேறிவிடும் என்பதால் குளிர்காப்புப் பையில் கொண்டுவாருங்கள். நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. தொட்டி 26 பாகையில் இருக்கும்போது வாளி 30 பாகையில் இருந்தால், சொட்டுமுறை முடிந்தபின்னும் வெப்பநிலை ஒத்துப்போக விட்டு, அதன்பின்பே மாற்றுங்கள். கடைநீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். மீன்நோய்க் கிருமிகளின் உறை ஓட்டில் ஒட்டிவரக்கூடும் என்பதால், மீன் இல்லாத சிறு தொட்டியில் சில வாரங்கள் தனியே வைத்திருக்க முடிந்தால் மிகவும் நல்லது.

வாங்கிய சில வாரங்களில், ஒரு காலையில் மணல்மேல் நண்டின் உடல் முழுதாகக் கிடப்பதைப் பார்த்து நீங்களும் மகனும் பதறக்கூடும். எடுத்துப் பாருங்கள். உள்ளீடின்றி, எடையற்று, கண்ணாடி போல இருந்தால் அது நண்டு உரித்துப்போட்ட மேல்தோடு. நண்டு புதுத்தோடு இறுகும்வரை பாறையிடுக்கில் ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பாறைகளைப் புரட்டாதீர்கள். சதையோடும் துர்நாற்றத்தோடும் இருந்தால்தான் அது இறந்த நண்டு; உடனே அகற்றிவிடுங்கள்.

எப்போதாவது இந்த நண்டுகளைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள இயலாமல் போனால் கடலிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிட வேண்டாம். அதுவும் இங்கே குற்றம். வாங்கிய கடையிலேயே திரும்பக் கேட்டுப் பாருங்கள், அல்லது பவளத் தொட்டி வைத்திருக்கும் வேறொருவருக்கு அவற்றின் ஓடுகளையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.